வேம்பைச் சுற்றிய சுருங்காச் சொல்

திருமழிசைக் கோமளா கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும், "கூட்டலா, கழித்தலா?" என்று கேட்காதவர் தெருவில் இல்லை. இரண்டும் இல்லை. அவள் செய்வது எழுத்துக் கணக்கு. ஒரு கயிறு எதை எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறதோ, அதை ஒரு சொல்லாக எழுதுவாள். மரத்தை வலமாகச் சுற்றினால் ஓர் எழுத்து. இடமாகச் சுற்றினால் அதன் எதிரெழுத்து. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அழிந்துபோகும், சுற்றியது பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அழிக்க எதுவுமில்லாமல் நிற்கிறதே, அதுதான் சுருங்காச் சொல். அந்தக் கயிறு எந்தக் கொம்பன் இழுத்தாலும் வராது. இதற்காக ஆறு வருஷம் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றபடியே நோட்டில் எழுதி, டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள்.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. "நீங்கள் சொல்வது பிள்ளைகளுக்குப் புரியாது" என்று இரண்டு கல்லூரிகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது கல்லூரி, கணக்கே தெரியாதவருக்கும் புரிகிறாற்போல ஒரு வீடியோ கேட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அன்றைக்குப் பகல் வீட்டுக் கொல்லையில் மூன்று பேர். தொழிற்பேட்டையில் லாரிக்கு லோடு கட்டும் சித்தப்பா தேவராஜ் கயிறோடு வந்தார். எதிர் ஃப்ளாட்டு நிஷா போனைப் பிடித்தாள். வேப்பமரம் இருக்கிறது, பக்கத்தில் துணிக்கொடி கட்டும் இரும்புக் கம்பம், பிடுங்கினால் வரும்.

"சித்தப்பா, மரத்த வலமா, கம்பத்த வலமா, மறுபடி மரத்த இடமா, கம்பத்த இடமா. அவ்ளோதான்."

"லாரிக்கே கட்றவன்மே நானு. எனக்கே பாடமா?"

சுற்றினார். இரண்டு முனையையும் இழுத்தார்கள், வரவில்லை. வரக்கூடாது, அதுதான் கணக்கு. கம்பத்தைப் பிடுங்கினால் மட்டும் கயிறு மரத்தையும் விட்டுக் கழன்றுவிட வேண்டும். பிடுங்கினார்கள். கயிறு மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"உன் தியரம் ஃபெயில்டி!" நிஷா சிரித்தாள்.

மறுபடி சுற்றினார்கள். மறுபடியும் அதே கதை. மணி மூன்று. ஆறு வருஷத்தில் எங்கே தப்பு? போனை வாங்கி வீடியோவை ஓட்டிப் பார்த்த கோமளா கத்தினாள். "சித்தப்பா! ரெண்டாவது சுத்தும் மரத்த வலமாதான் வந்துகினு கீறீங்க!"

"பின்ன இன்னா? மஞ்சத்துணி கட்டின மரம். இடமா சுத்தறது சாவு ஊட்லதான். கம்பத்த எப்டி வேணா சுத்தறேன், அது இரும்பு."

"நான் சுத்தறேன், வுடுங்க."

"என் கண்ணு முன்னால சுத்திடு பாக்கலாம்!"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆத்தா மரம் ஆத்தா மரம்தான், டாக்டர் பட்டம் வாங்கினாலும்.

கோமளா சண்டைக்கு நிற்கவில்லை. மணிக்கட்டில் பேனாவால் கிறுக்கினாள். கயிறு மரத்தை இடமாகப் போயே ஆகவேண்டும், அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஆளும் இடமாகப் போகவேண்டும் என்று யார் சொன்னது? ஒரு முனையிலிருந்து இடம் என்றால், மறுமுனையிலிருந்து அதே சுற்று வலம்!

போனைக் கவிழ்த்த பக்கெட்டின் மேல் சாய்த்தாள். "ரெண்டு பேரும் கயித்து நடுவுலேர்ந்து ஆளுக்கொரு முனைய எடுத்துகினு போங்க. சித்தப்பா, நீங்க மொதல்ல கம்பம், அப்பறம் மரம். நிஷா, நீ மொதல்ல மரம், அப்பறம் கம்பம். எல்லாமே வலம்தான்."

"அப்ப சரி," என்றார் தேவராஜ்.

சித்தப்பா முனையிலிருந்து நிஷா முனைக்குப் படித்தால் மரம் இடம், கம்பம் இடம், மரம் வலம், கம்பம் வலம். சுருங்காச் சொல். இழுத்தார்கள், அசையவில்லை. கோமளா போனைப் பார்த்து விளக்கிக்கொண்டே கம்பத்தைப் பிடுங்கினாள். சொல்லில் மிச்சம் மரம் இடம், மரம் வலம். பக்கத்தில் பக்கத்தில். அழிந்தது. தேவராஜ் முழுப் பலத்தோடு இழுத்தார் பாருங்கள், கயிறு வழுக்கிக்கொண்டு வந்து, மனிதர் மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயோ சித்தப்பா!"

"அது கெடக்கட்டும். இன்னோருவாட்டி பண்ணு, எப்டி வந்திச்சின்னு பாக்கறேன்."

நேரமில்லை. விழுந்ததையும் வெட்டாமல் நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து போன். வரும் திங்கள் வந்து வேலையில் சேரச் சொன்னார்கள். "கயிறு இழுத்தாரே, முதல் வகுப்புக்கு அவரும் வருவாரா?" என்று அங்கே கேட்டார்கள்.

"திங்கக்கிழமைன்னா அவருக்கு லோடு இருக்குமே சார்," என்றாள் கோமளா. "பிள்ளைங்களையே சுத்த வெச்சிக்கிறேன்."