வேண்டுதல் அண்ணிக்கு, நடை எனக்கு: ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை வரை

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்து போவது எப்படி என்று எங்கள் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தரிடமும் சொல்லி வாய் வலிக்கிறது. (எனக்கு வாய் வலிக்கிறது என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.) அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, என் மகள் பிழை பார்க்கிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

நாங்கள் போனது போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. நாங்கள் என்றால் நானும் என் நாத்தனார் சகுந்தலாவும். என் வீட்டுக்காரரின் அக்கா, வயது அறுபத்து மூன்று. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சேரப்பணஞ்சேரியில் இரண்டு வீடும் ஒரே தெரு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரண்டு பேரும் ஹவுஸ்கீப்பிங். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மதிய ஷிப்டு, ஒரு வாரம் நைட். செவ்வாய் லீவு.

எங்கள் காண்ட்ராக்டில் அறுபது தாண்டியவர்களுக்கு வருஷம் ஒரு முறை மெடிக்கல் உண்டு. போன வருஷம் அண்ணிக்கு பிரஷர் ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருஷ மெடிக்கலுக்கு அன்றைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஓசூரில் இருக்கும் அவர் மகன், "வேலை போனா போகட்டும், இங்க வந்து நிம்மதியா உட்காரும்மா" என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அண்ணிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் போய்விடும். வீட்டுக்காரர் இறந்த பிறகு பத்து வருஷமாக அவருக்குக் கம்பெனி பஸ்தான் ஊர், கேன்டீன்தான் சொந்தம். "குந்த வச்சா நான் குந்துன எடத்துலயே போயிடுவேன்டீ" என்பார்.

அதனால் முருகனிடம் வேண்டிக்கொண்டார். ஒன்பது செவ்வாய், வெறும் வயிறு, வெறுங்கால், வீட்டிலிருந்து கோயில் வரை நடை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து போனில் பார்த்தால் பதினோரு கிலோமீட்டர். எட்டு வாரம் தனியாகவே முடித்துவிட்டார். எட்டாவது வாரம் வழியில் கண் இருட்டியதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். உடனே என் வீட்டுக்காரர் ஒன்பதாவது வாரம் என்னைத் துணைக்குப் போகச் சொன்னார். துணைக்குப் போகிறேன், நடக்கிறேன் என்று யார் சொன்னது?

அண்ணி காலை நாலரைக்கே கிளம்பிவிட்டார். நான் நிதானமாகத் தலை வாரி, ஐந்து நாற்பதுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒரகடம் கூட்டு ரோடு வரை ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய், கால் மணி நேரம். வழியில் அண்ணி நடந்துகொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து கை காட்டினேன். அவர் காட்டிய கையை இங்கே எழுத முடியாது.

கூட்டு ரோட்டில் டீக்கடை நாலு மணிக்கே திறந்துவிடும். டீ பன்னிரண்டு ரூபாய், போண்டா பத்து. காலை ஷிப்டு பஸ்கள் போய், நைட் ஷிப்டு ஆட்கள் கண் சிவந்து இறங்கும் நேரம் அது. உட்கார பெஞ்ச் கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்குக் கிடைத்தது. இரண்டாவது போண்டாவில் இருந்தபோது அண்ணி வந்தார். மணி ஆறு பத்து. வந்தவர் பெஞ்சின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இன்னா அண்ணி, முருகன் இங்கயே வந்துட்டாரா? இன்னும் அஞ்சு கிலோமீட்டர் கீதே" என்றேன்.

"வாய மூடிக்கினு தண்ணி குடு."

"தல சுத்துதா?"

"தல சுத்தல. ரோடுதான் சுத்துது."

அதோடு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "காலைல பிரஷர் மாத்திர போட்டீங்களா?"

"வெரதத்துல எப்டிடீ போடுவேன்? சாப்ட்டப்புறம்னு கவர்ல கீதே."

"அப்போ வெள்ளிக்கெழம?"

"அதுவும் வெரதம்தானே."

"நைட்டு ஷிப்டு வாரத்துல?"

"காலைல ஏழு மணிக்கு வந்து வுழுந்தா மத்தியானம்தான் ஏந்திரிக்கிறேன். காலைல எங்க சாப்புடுறது? சாப்புடாம மாத்திர போட்டா கொடல் புண்ணாயிடும்னு நீதானே ஒரு தபா சொன்ன."

சொன்னேன்தான். அது என் மூட்டு வலி மாத்திரையைப் பற்றிச் சொன்னது. விரல் விட்டு எண்ணினேன். மூன்று வாரத்தில் ஒரு நைட் வாரம் முழுசாகப் போச்சு. மீதி இரண்டு வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் போச்சு. இருபத்தொரு நாளில் மாத்திரை உள்ளே போனது பத்தே நாள். அதில் கிருத்திகை வேறு வந்தால் இன்னும் ஒன்று குறையும். செவ்வாய் விரதம் அவருக்கு எப்போதும் உண்டு, நடைதான் புதுசு. இப்படியே ஒரு வருஷம். பிரஷர் இறங்க வேண்டும் என்று சாமிக்கு விரதம் இருந்து, அந்த விரதத்தாலேயே மாத்திரையை விட்டிருக்கிறார். அதற்குக் குருவாக நான் இருந்திருக்கிறேன்.

மாத்திரை அட்டை அண்ணியின் பர்ஸில் திருநீற்றுப் பொட்டலத்தோடு இருந்தது. அதைப் படம் பிடித்து எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். மணி ஆறரை. பாவம், தூக்கத்திலிருந்து எழுந்து பேசினார்.

"சகுந்தலாம்மாவா? சுகர் கிடையாதுல்ல அவங்களுக்கு? இந்த மாத்திரைக்குச் சாப்பாடே வேணாம்மா, தண்ணி போதும். தெனமும் ஒரே நேரத்துக்குப் போடணும், அதுதான் முக்கியம். வுட்டதுக்கெல்லாம் சேத்து ரெண்டா போட்டுடப் போறாங்க, ஒண்ணுதான். இன்னைக்கு நடக்க வேணாம். சுத்தல் நிக்கலைன்னா கோயிலும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணி முழுசாகக் கேட்டார். "தண்ணியே போதுமாமா?" என்று ஒரு தடவை கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

இருபது நிமிஷத்தில் சுத்தல் நின்றது. ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். முடியாது என்றார். "எட்டு வாரம் நடந்ததெல்லாம் வீணா?" கையில் மாத்திரை, வாயில் போடவில்லை. நான் வழக்கம்போல விளையாட்டாக, "வேணும்னா மீதிய உங்களுக்கு பதிலா நான் நடக்குறேன்" என்றேன்.

"நட."

உடம்பு முடியாதவர் வேண்டுதலை வீட்டு ஆள் ஒருத்தர் ஏற்றுச் செய்யலாம். எங்கள் பக்கம் அப்படி உண்டு. அது தெரிந்தும் வாயை விட்டேன்.

"நான் இன்னா உங்க ரத்தமா? உங்க தம்பிய வரச் சொல்றேன்."

"முப்பது வருஷமா எங்க வூட்டுச் சோறு துன்ற. அது போதும்."

"ரெண்டு போண்டா துன்னுட்டேனே அண்ணி."

"முருகன் கிட்ட நான் சொல்லிக்கிறேன். செருப்பக் கழட்டு."

ஆட்டோக்காரர் சிவகங்கைப் பக்கத்து ஆள். கோயில் வாசலுக்கு இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். "யக்கா, ரெண்டு பேரும் ஏறுங்க, ஒரே துட்டுதான்" என்றார். "அவ ஏற மாட்டா, அவளுக்கு வேண்டுதல்" என்று அண்ணி என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ போய்விட்டது. மணி ஆறு ஐம்பத்தைந்து.

கூட்டு ரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பாதை. நடக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இடது ஓரத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், அவற்றைச் சுற்றிப் போகும்போது ரோட்டுக்குள் இறங்க வேண்டிவரும், அதனால் வலது ஓரமே நல்லது. மண்ணில் நட்டு, போல்ட்டு, வெல்டிங் துண்டு எல்லாம் கிடக்கும். வெறுங்காலில் போகிறவர்கள் முருகனைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். நான் ஒரு போல்ட்டை மிதித்த இடத்தில் உட்கார்ந்தேன். முதல் உட்காரல். ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை.

முதல் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வெறுங்காலில் வந்த என்னைப் பார்த்தார். "செவ்வாக்கெழம சகுந்தலாக்கா இல்ல வரும்? எங்க?" என்றார். ஆட்டோவில் போய்விட்டார் என்றதும் அவர் முகத்தில் கவலை. "உடம்புக்கு இன்னா?" அடுத்து, ரோட்டோரம் இட்லி விற்கும் பெண், "அந்த அக்கா வரலியா?" என்றாள். விரதம் என்று இட்லி தொடமாட்டார் என்பதால் அவருக்காக வாரா வாரம் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வைப்பாளாம். அந்தச் சொம்பை நான் குடித்தேன். மூன்றாவது கேட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ஆள் ஒரு செம்பருத்தியைப் பறித்து வைத்திருந்தார். எனக்கு இல்லை, அண்ணிக்கு. என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

எட்டு வாரத்தில் இந்த ஐந்து கிலோமீட்டரில் அவருக்கு இத்தனை பேர். நான் இதே ரோட்டில் பதினாலு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறேன், ஒரு முகமும் தெரியாது. இதைக் கேட்டுக் கண் கலங்கவில்லை, கால்தான் கலங்கியது. இரண்டாவது கிலோமீட்டரில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். மூச்சு மேலே ஏறி இறங்கவே இல்லை. அறுபத்து மூன்று வயதில், வெறும் வயிற்றில், மாத்திரையும் இல்லாமல் ஆறு கிலோமீட்டர் வந்தவர் அண்ணி. ஐம்பத்தொரு வயதில், இரண்டு போண்டா பலத்தில் நான்.

ஏழு ஐம்பதுக்குப் போன் வந்தது.

"எங்கடீ கீற?"

"மூணாவது கேட் தாண்டி."

"இன்னும் அங்கயேவா? தவுந்துகினு வரியா?"

மெயின் ரோட்டிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் வளைவு வந்தபோது எட்டு இருபது. அங்கிருந்து உள்ளே போக இன்னும் கொஞ்ச தூரம், ஆனால் நிழல் உண்டு. வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாற்பது. ஐந்து கிலோமீட்டர், ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம், ஏழு உட்காரல். அண்ணி ஒரு மணி பத்து நிமிஷத்தில் வருவாராம்.

அவர் பூக்கடைப் பெண்ணோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நான் வராமல் வேண்டுதல் முடியாது என்று உள்ளே போகவில்லை. பூக்கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுதான் போண்டாவா?" என்றாள். அதற்குள் அவ்வளவு சொல்லியாகிவிட்டது.

"மாத்திர போட்டீங்களா?"

"கோபுரம் தெரிஞ்சுது, ஒரு கும்புடு போட்டேன். கையோட மாத்திரையும் போட்டேன்."

செருப்பு வைக்க ஐந்து ரூபாய், அர்ச்சனைத் தட்டு அறுபது. செவ்வாய் என்பதால் வரிசை இருபது நிமிஷம். முருகன் ஏழடி உயரம், நின்ற கோலம். அண்ணி கண்ணை மூடி உதடு அசைய வெகு நேரம் நின்றார். இவ்வளவு நேரம் முருகன் எப்படித்தான் நிற்கிறாரோ என்று நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ். சாதாரண பஸ் வந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதற்காக அரை மணி நேரம் நின்றோம். பஸ்ஸில் அண்ணி ஒரு கணக்குப் போட்டார். எந்த ஷிப்டாக இருந்தாலும் சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் விழித்திருக்கிறார். காலை ஷிப்டிலும் நைட்டிலும் அந்த நேரம் வீட்டில் விளக்கு ஏற்றுவார், மதிய ஷிப்டில் கேன்டீன் டீ. வீட்டில் இருக்கிற நாளில் விளக்கை விட்டதே இல்லை, கம்பெனியில் இருக்கிற நாளில் டீயை விட்டதும் இல்லை. மாத்திரையை அதோடு சேர்த்துவிட்டால்? மறுநாள் நர்ஸம்மாவிடம் பிரஷர் பார்க்கப் போனபோது கேட்டார். மாற்றுகிற அன்றைக்கு எப்படிப் போடுவது என்று விவரமாகச் சொல்லி, தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். அட்டை இப்போது விளக்கு மாடத்தில் தீப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது. மதிய ஷிப்டுக்கு ஒரு அட்டை பர்ஸில்.

ஒன்பது நாள் கழித்து மெடிக்கல். துணைக்கு நானும் அந்த ரூமுக்குள் போனேன். முதல் தடவை பார்த்ததும் கம்பெனி நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். கொஞ்ச நேரம் உட்காருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். பயம் போகட்டும் என்று நான் ஒரு ஜோக் சொன்னேன். அண்ணி நர்ஸிடம், "மேடம், இவள வெளிய அனுப்புங்க. இவதான் என் பிரஷரே" என்றார். நர்ஸும் அனுப்பிவிட்டார்.

வெளியே பதினைந்து நிமிஷம் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அண்ணி கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார், கோயிலில் நின்ற மாதிரியே. நர்ஸ் பட்டையைச் சுற்றினார், அவிழ்த்தார், எழுதினார். அண்ணி வெளியே வந்து என்னைப் பார்க்காமல் நேராக லாக்கருக்குப் போய், ஏப்ரனை மாட்டி, துடைப்பானை எடுத்தார்.

"அண்ணி, இன்னா ஆச்சு?"

"ரெண்டாவது மாடி யாரு தொடைக்கிறது? நீயா தொடைப்ப?"

அவ்வளவுதான். ஓசூர்க்காரனுக்கு அன்றைக்குச் சாயந்திரம் விளக்கு வைத்த பிறகுதான் போன் போட்டுச் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். விடிவதற்கு முன் கிளம்பினால் வெயிலும் லாரியும் குறைவு. வெளிச்சம் பட்டால் தெரிகிற மாதிரி சேலை கட்டுங்கள். விரதம் இருங்கள், ஆனால் மாத்திரை அட்டையை முன்னாலேயே நர்ஸிடம் காட்டி, சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரைக்குச் சொன்னது இன்னொன்றுக்குப் பொருந்தாது. சுகர் இருப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்கவே வேண்டாம். என்னைப் போன்றவர்கள் சொல்லும் மருத்துவத்தை நம்ப வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், போனாலும் வழியில் இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு போங்கள். வராத நாளில் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

ஒன்பது வாரம் முடிந்தும் அண்ணி நிறுத்தவில்லை. இப்போது ஒரகடம் வரை இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து நடை, செருப்போடு. நேற்றோடு நாலு செவ்வாய் ஆகிறது. உட்காரல் ஏழிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. வழி முழுக்கப் பேசுவதும் கிண்டல் செய்வதும் அண்ணிதான். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.