மத்தியான ரூல்

உப்பலில் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கம் ஒரு ரூல் போட்டது. நாய்களை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள்தான் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் வெளியே ஆள் நடமாட்டம் இருக்காதாம். அது மே மாதம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நான் வாயை மூடிக்கொண்டு கட்டுப்பட்டேன்.

மூன்று நாளாக எங்கள் நாய் ராணி வாசலைத் தாண்டாமல் அடம்பிடித்தது. திமிர் என்று நினைத்து இழுத்தேன். எதிரே இஸ்திரி வண்டிக்காரர் கத்தினார்.

"நக்கோ சாப், இழுக்காதீங்க! செருப்பைக் கழற்றிட்டு நீங்க ரோட்டுல நில்லுங்க, பார்ப்போம்!"

கழற்றினேன். ஐந்து எண்ணுவதற்குள் துள்ளிவிட்டேன். ராணியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் தோல் உரிந்து கிடந்தது. அவர் தன் குடத்துத் தண்ணீரை அதன் கால்களில் ஊற்றினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புண் ஆறியதும் காலை ஆறு மணிக்கே ராணியை இறக்கினேன். செயலாளர் லிஃப்டை மறித்தார்.

"ரூல் தெரியாதா சார்?"

"தெரியும். கேட்க மாட்டேன். நோட்டீஸ் ஒட்டுறதுன்னா ஒட்டிக்கோங்க."

ஒட்டினார். இன்னும் நூறு ஒட்டட்டும், ராணி காலையில்தான் போகும். அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் கயிற்றைப் பிடித்து இழுத்தது அவர் இல்லை, நான்.