முப்பத்தொன்பதாவது மூக்கு

களுவாஞ்சிக்குடிப் பிரஷாந்திக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘பற்றீரியா மிஸ்’. நாற்பத்தெட்டு வயது, நரைக்குச் சாயம் பூசாத தலை, எதையும் இரண்டு தரம் கழுவும் கை. மருத்துவபீடம் கைநழுவிப்போன கதையை அவளாக ஒருவருக்கும் சொன்னதில்லை. ஊருக்கே தெரிந்த கதையை யாருக்குச் சொல்வது? உயர்தரப் பரீட்சையில் புள்ளி மயிரிழையில் குறைந்துவிட்டது. விஞ்ஞானபீடம் போனாள், நுண்ணுயிரியல் படித்தாள், கலாநிதிப் பட்டம் வாங்கினாள், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகிக் கல்லடியில் வீடும் கட்டினாள். தோலிலும் மூக்கிலும் பேசாமல் கிடக்கிற பற்றீரியா, புண்ணைக் கண்டதும் எப்படி உள்ளே புகுந்து ஆளைப் படுக்கையில் போடுகிறது என்பதுதான் அவளுடைய இருபது வருட ஆராய்ச்சி.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு சின்ன ஆசை அவளை விடவில்லை. வெள்ளைக் கோட்டோடு ஆஸ்பத்திரிக்குள் நடக்கும்போது யாராவது ‘டொக்டர்’ என்று கூப்பிட்டால் மனசு குளிர்ந்துபோகும். நான் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை என்று ஒருநாளும் திருத்தியதில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் அந்த ஆசைதான் என்று இப்போது அவளே சொல்கிறாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியின் மகப்பேற்று விடுதியில் புதிய ஆய்வொன்றைத் தொடங்கினாள். சிசேரியன் செய்த தாய்மாரின் தையற்காயத்தில் எந்தப் பற்றீரியா எத்தனையாம் நாள் வந்து குடியேறுகிறது என்று பார்க்க வேண்டும். காயத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கத் தாதிமார் இருந்தார்கள். அவள் விட்டால்தானே! கிழமையில் மூன்று நாள் தானே போய், காயத்தின் கட்டை அவிழ்த்து, குனிந்து பார்த்து, நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசி ஒற்றி எடுப்பாள். மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, அந்த வெக்கையில் மூச்சும் முட்டும். அதனால் மூக்குக்குக் கீழே இழுத்து விட்டுக்கொள்வாள். ஒரு மாணவன் அப்படி நின்றிருந்தால் காது கிழியப் பேசியிருப்பாள்.

இரண்டாம் மாதம் காயங்கள் பழுக்கத் தொடங்கின. முதலில் ஒருத்தி, பிறகு இருவர், கடைசியில் ஏழு பேர். ஆரையம்பதியிலிருந்து வந்த தனுஷியா என்ற பெண் தலைப்பிள்ளையை விட்டுப் பிரிந்து இருபத்தொரு நாள் காய்ச்சலோடு கிடந்தாள். ஒருவரும் சாகவில்லை. பிரஷாந்திக்கு இன்றைக்கு நித்திரை வருகிறதென்றால் அதனால்தான்.

கிருமி எங்கிருந்து வந்ததென்று கண்டுபிடித்துத் தரும்படி ஆஸ்பத்திரியார் அவளிடமே கேட்டார்கள். விடுதியில் வேலைசெய்த முப்பத்தெட்டுப் பேரின் மூக்கிலும், பெரிய டொக்டர் முதல் தரை துடைப்பவர் வரை, குச்சி விட்டாள். ஐரீன் என்ற சிற்றூழியரின் மூக்கிலிருந்து எடுத்தது, காயங்களில் வளர்ந்ததைப் போலவே பொன்னிறமாக வளர்ந்தது. காயத்துக் கிருமி எந்தெந்த மருந்துக்குச் சாகவில்லையோ, இதுவும் அந்தந்த மருந்துக்குச் சாகவில்லை. அறிக்கையில் பெயர் போடவில்லை. பெயரில்லாத அந்த அறிக்கையை ஒரே பின்னேரத்துக்குள் எல்லோரும் பெயரோடு வாசித்து முடித்தார்கள்.

ஐரீன் டச்பார் என்ற ஊரில் இருக்கும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கிப் பெண்மணி. விடுதியில் இருபத்திரண்டு வருட வேலை. அவரைத் துணிக்கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் ஊற்றிய தேத்தண்ணி தொடுவாரில்லாமல் ஆறிக் கிடந்தது. தெருவிலுள்ள கலியாணங்களுக்கெல்லாம் கேக் அடித்துக் கொடுத்தவரிடம் பிறகு ஒருவரும் கேக் கேட்டு வரவில்லை. அதே மாதம் பிரஷாந்தியின் ஆய்வும் முடிந்தது, காயங்களும் ஆறின. ஐரீன் போனார், நோயும் போயிற்று என்று ஆஸ்பத்திரியே பேசியது. பிரஷாந்தியின் கட்டுரை நல்ல சஞ்சிகையில் வந்தது. பேராசிரியர் பதவி கிடைத்தது, மாலையும் விழுந்தது.

அடுத்த வருடம், மரபணு பார்ப்பதற்காக எல்லா மாதிரிகளையும் கொழும்புக்கு அனுப்பினாள். பெட்டியில் ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது. வகுப்பில் செய்முறைக்கு வைத்திருந்த கிருமியை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அதையும் சேர்த்து வைத்தாள். அது அவளுடைய மூக்கிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு வருடமும் மாணவருக்கு முன்னால் தன் மூக்கில் குச்சி விட்டு, பொன்னிறமாக வளர்த்துக் காட்டி, “என்ட மூக்கு என்னைக் கைவிடாது” என்று சிரிக்கிறவள் அவள். முப்பத்தெட்டுப் பேரைத் தேடித் தேடிப் பார்த்தவளுக்கு அந்த மூக்கின் ஞாபகம் வரவேயில்லை. பார்க்கிறவர் வேறு, பார்க்கப்படுகிறவர் வேறு என்ற நினைப்பு.

முடிவு வந்தபோது காலை பத்து மணி. ஏழு காயத்துக் கிருமியும் அவளுடைய மூக்குக் கிருமியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஐரீனுடையது எங்கோ தூரத்துச் சொந்தம். மருந்துக்குச் சாகாததில் மட்டும்தான் ஒற்றுமை. புண்ணுக்குள் கிருமி எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனவளே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். 

பத்தொன்பது நாள் வாய் திறக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கும் சஞ்சிகைக்கும் கடிதம் எழுதினாள். கிருமி ஆய்வுக்குழுவில் ஒருவரிடமிருந்து பரவியது என்று எழுதியிருந்தாள். அந்தக் குழுவில் காயத்தைத் தொட்டதே அவள் ஒருத்திதான். அந்தக் கோழைத்தனமும் சேர்ந்து உறுத்தியது. மூக்குக்கு மருந்து பூசி, மூன்று தரம் சோதித்துச் சுத்தமென்று தெரிந்த பிறகு டச்பாருக்குப் போனாள்.

ஐரீன் முழுவதையும் நின்றபடியே கேட்டார்.

“அப்ப நான் இல்லையா மிஸ்?”

“நீங்க இல்ல, ஐரீன் அக்கா. நான்தான்.”

ஐரீன் அழவுமில்லை, ஏசவுமில்லை. “நான் அந்த ஏழு வீட்டுக்கும் போயிட்டன் மிஸ்,” என்றார். “என்னாலதான் ஒங்களுக்கு இப்பிடி ஆச்சுதெண்டு கையப் புடிச்சி மன்னிப்புக் கேட்டுட்டன். அதை இனி எப்பிடித் திருப்பி வாங்கிற?”

 கடிதம் எழுதியிருப்பதாகப் பிரஷாந்தி சொன்னாள். கடிதத்தை அந்தத் தாய்மார் வாசிப்பார்களா என்று ஐரீன் கேட்டார். வீடுகள் தனக்குத் தெரியும், நேரில் வந்து சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் ஆட்டோ பிடித்து முதலில் ஆரையம்பதிக்குப் போனார்கள். தனுஷியா பேராசிரியரைக் கண்டதும் ஓடிப்போய் வீட்டிலிருந்த நல்ல கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். ஐரீனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். ஒன்றரை வயதுப் பெண்குழந்தை தத்தித் தத்தி நேரே ஐரீனிடம் போனது. ஐரீன் கையை நீட்டுவதற்குள் தனுஷியா குழந்தையை அள்ளிக்கொண்டு வந்து பிரஷாந்தியின் மடியில் இருத்தினாள். ஐரீன் பழகிப்போனவராக, நீட்டிய கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

 மடியிலிருந்த குழந்தையைப் பிரஷாந்தியால் தொடவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

“தங்கச்சி, ஒங்கட காயத்துக்குக் கிருமி கொண்டு வந்தது இவ இல்ல,” என்றாள். “நான்.”

தனுஷியா சிரித்தாள். ஐரீனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கத்தான் பெரிய மனுஷி வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். “இவவில பாவம் பாத்து நீங்க ஏன் மிஸ் பழிய ஏக்கிறீங்க,” என்றாள்.

தான் சொல்லும் உண்மைகூடப் பெருந்தன்மையாக எடுபடுவதைப் பார்த்துப் பிரஷாந்தி இன்னும் கூனிப்போனாள். மறுபடி சொன்னாள், இந்த முறை ஒன்றையும் மறைக்காமல். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே விட்டதையும், குனிந்து காயத்தைப் பார்த்ததையும், தன் மூக்கில் அது இருப்பது வருடக்கணக்காகத் தெரிந்திருந்ததையும் சொன்னாள்.

தனுஷியாவின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

“ஓம்,” என்றாள். “நீங்க குனியக்குள்ள ஒங்கட மூச்சு என்ட வயித்தில பட்டது. சூடா இருந்தது. எனக்கு ஞாபகம் இரிக்கு.”

குழந்தையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். பிரஷாந்தி எழும்பினாள். வாசலில் நின்ற ஐரீனை அந்தக் கதிரையில் இருக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கதிரை வெறுமையாகக் கிடக்க, பிரஷாந்தியும் ஐரீனும் நின்றுகொண்டே இருந்தார்கள்.