நைனாவின் சர்வீஸ்

அந்த எண்ணெய்க் கேன் இப்போது என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் தகரக் கேன். மூக்கு மட்டும் கொக்கு மாதிரி நீளம். அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் வரும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு வந்து நிற்கும். நான் சிறுமியாக இருந்தபோது ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தச் சத்தம்தான். மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் ஒரு கோணியை விரிப்பார். "இன்னிக்கு சர்வீஸு" என்று சந்துக்கே கேட்கும்படி அறிவிப்பார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா துறைமுகத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஃபிட்டர். சர்வீஸ் என்ற அந்த ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பத்தையும் நடத்தினார். சைக்கிளுக்கும் பம்ப் ஸ்டவ்வுக்கும் சர்வீஸ் என்றால் நியாயம். அண்ணனுக்கு முடி வளர்ந்தால், "போய் தலைய சர்வீஸ் பண்ணிக்கினு வாடா." பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு எங்களைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவது வயிற்றுக்கு சர்வீஸ். பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது ஆத்துமாவுக்கு சர்வீஸ். இதை அவர் சாமியாரிடமே சொல்ல, சாமியார் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றில் ஆணி முதல் அரிவாள்மணைவரை துருப்பிடிக்கிற ஊர் எங்களுடையது. துருவைக் கண்டால் நைனாவுக்குப் பங்காளியைக் கண்ட மாதிரி ஆத்திரம் வரும்.

முதல் சர்வீஸ் எப்போதும் அம்மாவின் தையல் மிஷினுக்குத்தான். சந்தில் பாதிப் பெண்பிள்ளைகளுக்குப் முதல்முதலாக நன்மை வாங்கும்போது போடும் புதுநன்மை கவுன் அம்மா தைத்ததுதான். மிஷினைப் பிரிக்கும் முன் நைனா ஒரு சடங்கு செய்வார். புது பெல்ட்டை வாங்கி வந்து கோணியின்மேல் வைத்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே தொடுவார். ஸ்டவ்வைக் கழற்றுவதானாலும் முதலில் புது வாஷர் வரவேண்டும். அவர்கள் வொர்க்‌ஷாப்பில் அது வேதவாக்கு. ஒருமுறை ஸ்பேர் கையில் இல்லாமல் ஒரு கிரேனைப் பிரித்துவிட, சாமான் வரும்வரை மாதக்கணக்கில் அது செத்த யானை மாதிரி கிடந்ததாம். "ஓடுறது நொண்டிக்கினாவது ஓடும். கையில ஸ்பேர் இல்லாம பிரிச்சேன்னா, அத்தோட அம்பேல்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நைனா விடவில்லை. "உனக்கும் ஒரு சர்வீஸ் போட்டுடலாம் வாமே" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமையான மனிதர். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்து விரித்துவிட்டால் ரத்தம் நன்றாக ஓடும் என்று படம் போட்டுக் காட்டினார். நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வால்வு தானா சார்! இத்தினி நாளா நம்ப வேலையே அதானே" என்றார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார்: "ஸ்பேர் கீதா சார்?"

ஸ்பேர் எதுவும் வேண்டாம், இருப்பதையே சரிசெய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நைனாவின் முகம் செத்துவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சிரித்தாள். "நான் இன்னா உன் கிரேனாய்யா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவள் கையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு ராயபுரம் வரும்வரை விடவேயில்லை. பயம் என்றால் என்னவென்று அந்த மனிதரின் முகத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் காலம் மாத்திரையில் ஓடியது. தண்ணீர் பிடிக்கிற வேலையை நைனா எடுத்துக்கொண்டார். மிஷினை மிதிக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். யாராவது ஆபரேஷன் பேச்சை எடுத்தால், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான் பதில். அம்மாவின் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோணியை விரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சொன்னாள்: "ஸ்பேர் இல்லன்னா போவுது. என்னைப் பிரிச்சிப் பாத்துரச் சொல்லுய்யா. இப்பிடி ஓட முடில."

கோணியை அப்படியே போட்டுவிட்டு வண்டி பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே டாக்டர்தான் பார்த்தார். உடம்பு ரொம்பத் தளர்ந்திருக்கிறது, கொஞ்சம் தேறட்டும், பிறகு செய்யலாம் என்றார். அவள் தேறவில்லை. அடைமழையில் காசிமேடு கல்லறையில் கொண்டுபோய் வைத்தோம். மாமா, அம்மாவின் தம்பி, எல்லார் முன்னாலும் நைனாவின் சட்டையைப் பிடித்தார். "பொண்டாட்டிய இன்னா மிஷின்னு நென்ச்சியா? ஸ்பேரா கேட்டே, ஸ்பேரு?" மாமாவின் பிடி தானாகத் தளரும்வரை நைனா அப்படியே நின்றார்.

மாமா கேட்டதைத்தான் நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்கில் கேட்டேன். அவளை அவர் உயிராக நினைத்தார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அதன்பிறகு அவர் வாயில் சர்வீஸ் என்ற சொல் வந்ததில்லை. சைக்கிள் துருப்பிடித்து வாசலிலேயே மக்கியது. ஸ்டவ் புகைந்தால், "கடையில குட்து பாரு" என்பார். கேன் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

நைனா போன பிறகு வீட்டைக் காலி செய்தோம். மூலையில் பழைய போர்வை போர்த்தியிருந்த தையல் மிஷினைப் பழைய சாமான்காரனுக்குப் போடலாம் என்றான் அண்ணன். போர்வையை விலக்கிச் சக்கரத்தைத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அம்மாவுக்குப் பிறகு யாரும் உட்காராத மிஷின். ஒரு பொட்டுத் துரு இல்லை. பக்கத்து இழுப்பறையில் புது பெல்ட், பாபின், பிரிக்காத ஊசிப் பொட்டலம் எல்லாம் இருந்தன. அவற்றின் நடுவில் இந்தக் கேன் இருந்தது. அழுத்தினேன், ‘டக்’ என்றது. விரலில் புது எண்ணெய் பட்டது. மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அத்தனை வருஷக் கோபமும் அன்றைக்குத்தான் கரைந்தது.

மிஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. எனக்குத் தைக்கத் தெரியாது. பூசைக்குப் போய் வந்ததும் ஜன்னலிலிருந்து கேனை எடுத்து அங்கங்கே ஒரு சொட்டு விடுகிறேன். என்ன செய்கிறாய் என்று மகள் கேட்டால் எண்ணெய் போடுகிறேன் என்று மட்டும் சொல்கிறேன். நைனாவின் வார்த்தை எனக்கும் வாயில் வருவதில்லை.