ஆரிபா தோப்புக்கு வந்த ஜப்பான் அலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்ட வேண்டுமென்றால் ஆரிபாவின் கடையைத்தான் காட்டுவார்கள். பதினாறு வருடங்களுக்கு முன் வத்திராயிருப்பில் அவருடைய தென்னந்தோப்பு மோட்டார் எரிந்துபோனது. ஒரு வாரமாகியும் மெக்கானிக் வரவில்லை. கருகிய காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, தானே கட்டினார். இரண்டு தடவை புகைந்தது. மூன்றாவது தடவை ஓடியது. அதுவே தொழிலாகிவிட்டது.

போன வருடம் சித்திரையில் நிலநடுக்க ஆய்வாளர் அனுசியா அந்தத் தோப்பைத் தேடி வந்தார்.

"ஒரு கருவி வைக்க இடம் வேணும்க்கா."

"இங்க பூகம்பமே வராதே!"

"ஜப்பான் பக்கம் வந்தாப் போதும். அந்த அலை பூமிக்குள்ள ஓடி, கீழருந்து நம்ம காலடிக்கு வரும். பூமியோட மேலோடு முடியுற எடத்துல அதுல கொஞ்சம் மட்டும் மெதுவான அலையா மாறி, பின்னால வந்து சேரும். எத்தனை செகண்டு பிந்துதுன்னு பாத்தா, மலைக்கடியில மேலோடு எவ்வளவு கனம்னு சொல்லிடலாம்."

ஆரிபாவின் கண் கருவியின் மேலேயே இருந்தது. "உள்ள காயிலும் காந்தமுமா?"

"ஆமாக்கா."

"அப்ப நம்ம சாமான்தான். வைங்க."

தென்னைகளுக்கு நடுவே குழி வெட்டிக் கருவியை இறக்கினார்கள். ஆனியில் காற்று கிளம்பியதும் பதிவு கெட்டது. லேப்டாப் திரை முழுக்கக் கோடுகள் புதராய் மண்டிக் கிடந்தன. பம்புசெட் அதிர்வுதான் காரணம் என்றார் அனுசியா. ஆரிபா ஒரு நாள் முழுக்க மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். குறையவில்லை. மறுநாள் காற்றடிக்கும்போது வெறுங்காலோடு ஒரு தென்னையின் தூரில் போய் நின்றார். மரம் சாயும்போதெல்லாம் உள்ளங்காலில் தரை லேசாக அசைந்தது.

உடனே போன் போட்டார். "மோட்டார் இல்லம்மா. மரம் ஆடுத ஆட்டத்துல வேரு தரையவும் சேத்து ஆட்டுது. பாறைக்கு மாத்துவோம்."

தோப்பின் மேற்கு ஓரத்தில் மரமில்லாத பாறைமேல் ஓர் அறை உண்டு. அதில் அவர் கணவர் ஜாபிர் உரமூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"உரத்த எங்கட்டி கொண்டு வைக்க?"

"நம்ம கட்டிலுக்கடியில வைங்க மச்சான்."

ஜாபிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டைகளை அவரே சுமந்து வெளியேற்றினார்.

கருவி அந்த அறைக்கு மாறிப் பத்து நாள் கழித்து ஜப்பானுக்குக் கிழக்கே கடலடியில் பெரிய நிலநடுக்கம். யாருக்கும் சேதமில்லை. மறுநாள் காலையே அனுசியா லேப்டாப்போடு வந்து, பாறையிலேயே உட்கார்ந்து பதிவைத் திறந்தார். ஓய்ந்து கிடந்த கோடு ஓரிடத்தில் சுள்ளென்று எழும்பியது. கணக்கைப் போட்டு முடித்ததும், அதற்கு ஐந்து செகண்டு பின்னால் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது.

"வந்துருச்சுக்கா!" அனுசியா ஆரிபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா உரத்தக் காலி பண்ணோம்?" என்ற ஆரிபாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு நிலநடுக்கம் போதாது. வருடம் முழுக்க நாற்பதுக்கு மேல் சேர்த்த பிறகுதான் அனுசியா கடைக்கு வந்து விடையைச் சொன்னார்: மேலோட்டின் கனம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்.

"யாத்தே! இங்கருந்து வத்திராயிருப்புக்குப் பஸ்ஸுல போயிட்டுத் திரும்புற தூரம்லா!"

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அன்று அதே பேச்சுதான்.

அடுத்த கருவிக்குச் செட்டியார்பட்டிப் பக்கம் இடம் தேட வேண்டியிருந்தது. அனுசியா கூப்பிட்டதும் ஆரிபா கடையைப் பூட்டிவிட்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாலு இடம் பார்த்தார்கள். பக்கத்தில் மரம் நின்ற மூன்றை ஆரிபா வேண்டாமென்று தள்ளிவிட்டார். நாலாவதில் இப்போது கருவி ஓடிக்கொண்டிருக்கிறது.