என்னைப் பத்தி ஒரு ரகசிய ரிப்போர்ட்

இப்ப நான் ஓசூர்ல ஒரு கம்பெனியில சைபர் செக்யூரிட்டி டீம் லீடு. எங்கிட்ட இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற பசங்க, டேட்டா சொன்னா வேதவாக்குன்னு நம்பறாங்க. அவங்களுக்காகத்தான் இது.

1. முதல் நாள்

கடைசி வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறப்ப, ஒரு அரசு உளவு அமைப்போட ஓசூர் கிளையில ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைச்சது. பேரு சொல்லக்கூடாது. வீட்லகூட 'கவர்மென்ட் ஆபீஸ்'னு மட்டும்தான் சொல்லியிருந்தேன். வாசல்ல போர்டே கிடையாது, அவ்வளவு ரகசியம். பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரர்கிட்ட தெருப் பேரைச் சொன்னதும், "உளவு ஆபீசா? ஏறும்மா"ன்னார்.

ஆபீசர் ராகவேந்திரா சார், கன்னடக்காரர். என்னைப் பத்தின வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னுட்டார். நெட் இல்லாத சிஸ்டத்துல பத்து நாள் எக்செல் ஷீட்டுக்குக் கலர் அடிச்சேன். நம்ம மேல என்ன குத்தம் இருக்குது, வரட்டுமேன்னு தெனாவெட்டா இருந்தேன்.

2. ரிப்போர்ட் வந்தது

எங்க ஊர் நாகரசம்பட்டிக்குப் போய் விசாரிச்சது அதே ஆபீஸ் செல்லையா சார். திருநெல்வேலிக்காரர், ரொம்ப நேர்மை, காதுல விழுந்ததை ஒண்ணு விடாம எழுதிடுவார். அக்கம்பக்கத்துல எல்லாரும் தங்கமான பொண்ணுன்னாங்களாம். அதுக்குக் கீழ, 'நெருங்கியவர் கூறியது' அப்படின்னு ஒரு பக்கம். ராகவேந்திரா சார் அதைப் படிக்கப் படிக்க எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. பத்து மணி வரை தூங்கும். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறியும். சோறு பொங்கத் தெரியாது. செவ்வாய் தோஷம் உண்டு.

"தோஷத்துக்கு நம்ம ஃபார்ம்ல கட்டமே இல்லையே செல்லையா"ன்னார் சார். அதனாலதான் தனித் தாள் வச்சேன்னு செல்லையா சார் சொன்னார்.

சோறு விஷயம் உண்மைதான். ஆனா கடைசி வரிதான் என் தலையில இடியா இறங்குச்சு. ஓட்டை வாய், ரகசியம் தங்காது.

"மத்ததெல்லாம் பரவால்லம்மா. இதை வச்சுக்கிட்டு உன்னை எப்படி உள்ள விடறது? நாளையில இருந்து வர வேணாம்."

இன்டர்ன்ஷிப் போனா செமஸ்டர் போச்சு. செமஸ்டர் போனா டிகிரி ஒரு வருஷம் தள்ளிப் போயிரும். அதுக்குள்ள எங்கப்பா யார் கையிலயாவது என்னைப் புடிச்சுக் குடுத்துருவார். வெக்கத்தை விட்டு அங்கயே அழுதேன். எவ சொன்னா, எவ சொன்னான்னு செல்லையா சாரைக் கேட்டேன். தகவல் குடுத்தவர் யாருன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னார். அடையாளமாச்சும் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். மனசு கேக்காம, மாந்தோப்புல நின்னாங்க, ரெண்டு மூக்குத்தி, பேசறப்ப இடுப்புல கை வச்சுக்கிட்டாங்கன்னார்.

அது எங்கம்மா.

3. போன்

ஆபீஸ் போன்லயே அம்மாவைக் கூப்பிட்டேன், ஸ்பீக்கர் போட்டு. தோப்புக்கு யார் வந்தாங்கன்னு கேட்டேன்.

"வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ஒரு ஆளு வந்தான். யாரு, எந்த ஊருன்னு கேட்டா வாயத் தொறக்கல. பொண்ணு குணம் எப்படி, யாரோட பழகும்னு மட்டும் கேட்டான். மாப்பிள்ள வீட்டுக்கு வேவு பாக்க வந்தவன்தான், எனக்குத் தெரியாதா? இல்லாததும் பொல்லாததும் சொல்லி ஓட்டிட்டேன். இவனோட நாலு பேரு. நீ படிப்ப முடிக்கிற வரைக்கும் எவன் வந்தாலும் இதேதான்."

வேவு பாக்க வந்தவர் வெள்ளைச் சட்டையிலயே பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். முகத்துல ஈயாடல.

ராகவேந்திரா சார் போன்கிட்ட குனிஞ்சு, இவ ஆபீசர் பேசறேம்மான்னு சொல்லி, மத்த மூணு பேர் வந்தது வீட்ல யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டார்.

"அவங்கப்பாவுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க."

போனை வச்சுட்டு சார், உங்கம்மா எத்தனாவது படிச்சிருக்காங்கன்னு கேட்டார். பத்தாவது பாதின்னேன். "ச்சே, நம்ம வேலைக்கு டிகிரி கேக்கறாங்களே"ன்னு உண்மையாவே வருத்தப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம்தான் உறைச்சுது. பத்தாவது பாதியில அம்மாவைப் பொண்ணு பாக்க வந்தப்ப, பொய் சொல்லி ஓட்டிவிட யாருமே இல்ல.

சார் அந்தத் தாளை மட்டும் ஃபைல்ல இருந்து எடுத்துட்டு என்னை உள்ள விட்டார். ஆறு வாரம் முடிச்சேன், டிகிரியும் முடிச்சேன்.

பசங்களா, டேட்டா கைக்கு வந்தா யார் சொன்னதுன்னு பாருங்க, எதுக்காகச் சொன்னாங்கன்னும் பாருங்க. அதுக்கப்புறம் என்னைப் பத்தி எவ்வளவோ நல்ல அப்ரைசல் வந்திருக்குது. செல்லையா சார் எழுதின அந்த ஒரு பக்கத்துல இருந்த பாசம் எதுலயும் இல்ல.