பிரித்துத் தைத்த பூக்கள்

மருந்துக்கடை அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். கடையில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கிற கைக்கு, மாதத்தில் ஒரு ஞாயிறு வேறு வேலை இருந்தது. நூலகத்தின் மாடியறையில் பெண்கள் சிலர் கூடுவார்கள். அந்த மாதம் தைத்ததையும் பின்னியதையும் நீள மேசையில் விரித்துக் காட்டுவார்கள். தைத்ததைவிடப் பேசியது அதிகம் என்று வீட்டுக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். அதில் பொய்யில்லை.

அவளை அங்கே கூட்டிப்போனவர் அடுத்த தெருவில் இருக்கும் டைப்பிஸ்ட் அக்கா. கோர்ட்டில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். பூத்தையலில் கெட்டிக்காரர். இஸ்திரி போடத்தான் அவருக்குச் சோம்பல். அதனால் கூட்டத்துக்கு முன்னால் அவர் துணிகளை மருந்துக்கடை அக்கா வாங்கிவந்து, துவைத்துத் தேய்த்துக் கொடுப்பாள்.

ஒருமுறை தேய்க்கும்போது கவனித்தாள். தலையணை உறையில் ஒரு பூவின் இதழ்கள் வரைந்த கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தன. மற்றவர்கள் பார்த்தால் அக்காவுக்கு மனசு கஷ்டமாக இருக்குமே என்று அதை மட்டும் பிரித்து, அதே நிற நூலில் தைத்துவிட்டாள். அடுத்த மாதம் இரண்டு பூக்கள். அப்புறம் ஒரு கொடி முழுவதும்.

"அடுத்தவங்க வேலையில நீ ஏன் கை வைக்கிற?" என்றார் கணவர்.

"நல்லதுக்குத்தான்" என்றாள்.

மாடியறையில் பாராட்டு மழை. டைப்பிஸ்ட் அக்கா துணியை முகத்துக்கு வெகு பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எம்பொண்ணு கண் டாக்டர்கிட்ட வா வான்னு உசுர எடுக்கிறா. கண்ணு கெட்டிருந்தா இவ்வளவு நேரா வருமா, நீயே சொல்லு."

அவள் துணியை வாங்கி மடித்து வைத்தாள். கண் சொட்டுமருந்தைத் தினமும் விற்கிறவள். யாருக்கு எதற்கு என்று அரைகுறையாகவாவது தெரிந்தவள். அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம்.

மழைக்காலம் முடிந்த பிறகு டைப்பிஸ்ட் அக்காவின் மகள் ஒரு மருந்துச் சீட்டோடு கடைக்கு வந்தாள். அம்மா படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். கண்ணில் அழுத்தம். "போன பார்வை திரும்பாதாம். முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. தையல் நேராத்தானே வருதுன்னு பிடிவாதம் பிடிச்சாங்க. என்ன பண்றது?"

மருந்துக்கடை அக்கா சொட்டுமருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே அக்கா வீட்டுக்குப் போனாள். டைப்பிஸ்ட் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். உட்காரக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அக்கா பக்கத்திலிருந்த தலையணை உறையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார், "அந்த நீலக் கொடி?"

"நான்தான்க்கா."

"போன மாசம் எல்லாரும் கை தட்டினாங்களே, அந்த மேசை விரிப்பு?"

"ஓரம் மட்டும் உங்களுது."

"என்னைக் காப்பாத்துறதா நெனச்சியா?"

"ஆமாக்கா."

"நீ சொல்லியிருந்தா வீம்புக்கு ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். மூணாவது நாள் டாக்டர்கிட்ட போயிருப்பேன். இப்ப போ. எனக்குப் பேசத் தோணல."

வீட்டில் கணவர் ஆறுதல் சொன்னார். நோவுக்கு நீ என்ன செய்வாய், விழுந்தது உன்னாலா என்றெல்லாம். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கடையில் யாராவது சொட்டுமருந்து கேட்டால், "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று ஒவ்வொருவரையும் நச்சரித்தாள். சிலர் எரிச்சல்பட்டார்கள். அவள் விடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு டைப்பிஸ்ட் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். தேய்க்காத, கசங்கிய ஒரு கைக்குட்டையை மேசையில் விரித்தார். பூ கோணல்மாணலாக இருந்தது. "இது என் கை தச்சது" என்றார். பின்னல்காரி ஒருத்தி அதை எடுத்துப் பார்த்து, "கலர் நல்லாயிருக்குக்கா" என்றாள்.

மருந்துக்கடை அக்கா மேசையின் கோடியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மேசை மேல் ஓர் ஊசியும் நூற்கண்டும் அவள் பக்கமாக நகர்ந்து வந்தன.

"கோத்துக் குடு" என்றார் டைப்பிஸ்ட் அக்கா, அவள் முகத்தைப் பார்க்காமலே. "அதோட நிறுத்திக்க."

கோத்துக் கொடுத்தாள். முடிச்சுக்கூடப் போடவில்லை.